இணையப் பக்கமும் இரவல் நிரல்களும்

2015-ஆம் ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் காலை எட்டரை மணியோடு முடிந்த ஒரு நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. நம் முடிச்சூரில் பேருந்து ஓடிய சாலையில் படகு ஓடியது. அப்போது நாங்கள் ஒன்றாம் வகுப்புச் சிறுமியர். மொட்டை மாடியில் அமர்ந்து பிஸ்கட் தின்ற நாளாகவே அது எங்களிற் பலருக்கு நினைவிருக்கிறது. பெரியவர்களைக் கேட்டால் கதை வேறு. "நம்ம தெருமுனையில் மார்பளவு, பின் தெருவில் கணுக்கால் அளவுதான்" என்று இன்றும் அளந்தாற்போற் சொல்லுகின்றனர். இந்த நினைவுகளையெல்லாம் ஓரிடத்திற் சேர்த்து, தெருவாரியாக இணையப் பக்கம் ஒன்றில் காட்டினால் என்ன என்னும் எண்ணம் இவ்வாண்டு நம் கணினி மன்றத்தில் எழுந்தது. அதை எழுதி முடிப்பதற்குள் நாங்கள் கற்றுக்கொண்டதைத் தோழியருக்கும் பெற்றோருக்கும் சொல்வதே இக்கட்டுரை.

தொடங்குமுன் ஒரு செய்தி. முடிச்சூர் வெள்ளத்துக்குச் செம்பரம்பாக்கம் ஏரியே காரணம் என்று நம்மிற் பலர் கூறுகிறோம். அந்த ஏரியின் உபரிநீர் அடையாற்றில் கலக்குமிடம் திருநீர்மலைக்கு அருகில். அது நமக்குக் கீழே இருக்கிறது. நம்மை நனைத்தது ஆதனூர், மண்ணிவாக்கம் முதலிய மேற்புறத்து ஏரிகளிலிருந்தும் வயல்வெளிகளிலிருந்தும் அடையாற்றில் இறங்கிய தண்ணீர். வரைபடத்தை விரித்து வைத்துப் பார்த்தபோதுதான் இது எங்களுக்கே விளங்கிற்று. எனவே எங்கள் பக்கத்தில் வரைபடம் கட்டாயம் வேண்டும் என்று முடிவு செய்தோம். தொல்லையும் அங்கிருந்தே தொடங்கியது!

அந்த வெள்ளத்தின்போதே இத்தகைய வரைபடம் ஒன்று உருவானது. மேப்பாக்ஸ் நிறுவனத்திற் பணியாற்றிய அருண் கணேஷ் என்பவர், ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொதுமக்கள் வரைபடத்தின் இந்திய ஆர்வலர்களோடு சேர்ந்து அதை அமைத்தார். தண்ணீர் நிற்கும் தெருவைப் பார்ப்பவர் தொட்டால் அத்தெரு வண்ணம் மாறும்; அடுத்துப் பார்ப்பவர் அவ்வழியைத் தவிர்க்கலாம். ஆயிரத்துக்கு மேற்பட்ட தெருக்களை மக்களே குறித்தனர். அந்தப் பக்கத்தில் வரைபடமே எல்லாம். முகப்பிலிருந்து கொல்லை வரை அதற்கே உரிய தனிவீடு போல. எங்கள் பக்கமோ அப்படியன்று. ஒரு புறம் தெருப் பட்டியல், மேலே தேடும் கட்டம், கீழே ஆண்டு வாரியாகப் பிரிக்கும் பொத்தான்கள், நடுவில் ஒரு பகுதியில் மட்டும் வரைபடம். ஒரே வீட்டில் பல குடித்தனங்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்படிப்பட்ட பக்கங்களை இக்காலத்தில் கூறு கூறாகப் பிரித்தே எழுதுகின்றனர். பட்டியல் ஒரு கூறு, பொத்தான் ஒரு கூறு, தேடும் கட்டம் ஒரு கூறு. அவற்றை ஒன்றுசேர்த்து நடத்துவது சட்டகம். ஃபேஸ்புக் நிறுவனம் 2013-இல் பொதுவுக்கு வழங்கிய ரியாக்ட், இவான் யூ 2014-இல் வெளியிட்ட வியூ, கூகுளின் ஆங்குலர் ஆகியவை பெயர் பெற்றவை. நாங்கள் எடுத்துக்கொண்டது ரியாக்ட். இதன் முறை எளிது. "தகவல் இப்படி இருந்தால் திரை இப்படி இருக்க வேண்டும்" என்று மட்டும் நாம் எழுதுகிறோம். தகவல் மாறினால் திரையில் எதை அழிப்பது, எதைச் சேர்ப்பது என்பதை ரியாக்டே கணக்கிட்டுச் செய்கிறது. அதற்காகத் திரையில் உள்ளவற்றுக்கெல்லாம் அது தன்னிடம் ஒரு கணக்குப் புத்தகம் வைத்திருக்கிறது. இந்தக் கணக்குப் புத்தகத்தை வாசகர் மறவாதிருக்க வேண்டும். பின்னால் வரும் இடர்ப்பாடுகளுக்கெல்லாம் வேர் அதுதான்.

அடுத்து லைப்ரரி. நம் பள்ளி நூலகத்துக்கும் இதற்கும் ஓர் ஒற்றுமை உண்டு: இரண்டிலும் இரவல் பெறலாம். பிறர் எழுதிச் சோதித்து வைத்த நிரல் தொகுதியை நாம் எடுத்து நம் பக்கத்திற் பயன்படுத்திக்கொள்கிறோம். வரைபடத்தை நகர்த்துவது, பெரிதாக்குவது, முள் குத்துவது ஆகியவற்றையெல்லாம் நாமே எழுதப் புகுந்தால் பொதுத்தேர்வு வந்துவிடும். ஆகவே லீஃப்லெட் என்னும் லைப்ரரியை எடுத்தோம். உக்ரைன் நாட்டு வோலொதிமிர் அகாஃபோன்கின் 2011-இல் வெளியிட்டது அது. சுருக்கிய நிலையில் ஏறக்குறைய 42 கிலோபைட் எடைதான். யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். உரிமைக் குறிப்பை மட்டும் நீக்கக் கூடாது. வரைபடத்துக்கான படத்துண்டுகள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து வருவதால் அதன் பெயரும் மூலையில் இருக்க வேண்டும். அழகைக் கெடுக்கிறதென்று எங்களில் ஒருத்தி அதை மறைத்துவிட்டாள். "இரவல் வாங்கிய புத்தகத்தில் முத்திரையைக் கிழிப்பாயா?" என்று எங்கள் அருட்சகோதரி கேட்ட பிறகு அது திரும்பி வந்தது.

இனிச் சிக்கலுக்கு வருவோம். லீஃப்லெட் பிறந்தபோது ரியாக்ட் பொதுவுக்கு வரவில்லை. ஆகவே அது ரியாக்டைக் கேட்டு எதையும் செய்வதில்லை. திரையில் தனக்கு வேண்டியதைத் தானே வரைகிறது, தானே அழிக்கிறது. ரியாக்டும் அதே திரையைத் தன் கணக்குப்படி ஆள நினைக்கிறது. ஓர் அடுக்களையில் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பாத்திரத்தை நகர்த்தினால் என்ன ஆகும்? குழம்பில் உப்பு இரண்டு முறை விழும், அல்லது விழாமலே போகும். ரியாக்டோடு சேர்ந்து ஒத்துழைப்பதற்கென்றே எழுதப்பட்ட லைப்ரரிகளால் இத்தொல்லை இல்லை. திரையைத் தொடாமல், நாள் கணக்கிடுவது, எண்களைக் கூட்டுவது போன்ற வேலை மட்டும் செய்பவற்றாலும் இல்லை. வரைபடம், விளக்கப்படம், பழைய ஜேக்வெரி காலத்து நாட்காட்டிப் பெட்டி முதலியவை திரையைத் தாமே தொடுகின்றன. இவற்றிடம்தான் விழிப்பு வேண்டும்.

இதற்கு வழி, குடித்தனம் வைக்கும் வீட்டுக்காரர் அறிந்த வழியேதான். குடி வருபவருக்கு ஒரு போர்ஷனை ஒழித்துக் கொடுத்துவிட வேண்டும். அதற்குள் வீட்டுக்காரர் நுழைந்து பாய் தலையணையை ஒழுங்கு செய்யக் கூடாது. குடியிருப்பவரும் தம் வாசற்படி தாண்டி வந்து கூடத்துச் சாமான்களை மாற்றக் கூடாது. ரியாக்டில் இதைச் செய்வது இவ்வாறு: உள்ளே ஒன்றுமில்லாத வெற்றுப் பெட்டி ஒன்றை வரையச் சொல்கிறோம். உள்ளே ஒன்றுமில்லை என்று ரியாக்ட் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது. ஆகவே பிறகு அதற்குள் தலையிட அதற்குக் காரணமில்லை. அந்தப் பெட்டியைச் சுட்டும் முகவரியை ரெஃப் என்பார்கள். அதை லீஃப்லெட்டிடம் கொடுத்து, "உன் வேலையெல்லாம் இதற்குள்" என்று சொல்லிவிடுகிறோம்.

எப்போது கொடுப்பது என்பதும் முக்கியம். நாங்கள் முதலில் கூறின் தொடக்கத்திலேயே வரைபடத்தை அமைக்கும்படி எழுதினோம். "வரைபடத்துக்கான பெட்டி காணப்படவில்லை" என்னும் பொருள்பட ஒரு பிழைச் செய்தி வந்தது. ஏனெனில் ரியாக்ட் இன்னும் பெட்டியைத் திரையில் வைக்கவேயில்லை! வீடு கட்டுமுன் சாமான் வண்டி வந்து நின்ற கதை. பெட்டி திரைக்கு வந்த பின்னரே ஓட வேண்டிய வேலைகளுக்கென ரியாக்டில் யூஸ்எஃபெக்ட் என்னும் இடம் இருக்கிறது, 2019-இல் வந்தது. வரைபடத்தை அங்கே மாற்றினோம். பெட்டி கிடைத்தது, மறுகணம் வேறொரு பிழை. பெட்டியில் வரைபடம் ஏற்கெனவே குடியிருக்கிறது என்றது லீஃப்லெட். இது எங்களை இரண்டு மாலைகள் அலைக்கழித்தது. நாங்கள் ஒரு முறைதானே அமைக்கச் சொன்னோம்?

விடை இது. 2022-இல் வந்த ரியாக்டின் 18-ஆம் பதிப்பு முதல், நிரல் எழுதும் காலத்தில் கண்டிப்பு முறையை இயக்கியிருந்தால், ரியாக்ட் ஒவ்வொரு கூற்றையும் வேண்டுமென்றே ஒரு முறை அமைத்து, கலைத்து, மீண்டும் அமைத்துப் பார்க்கும். நாம் ஒழுங்காகக் காலி செய்கிறோமா என்பதற்கான சோதனை அது. நாங்கள் குடிவைக்க மட்டும் எழுதியிருந்தோம், காலி செய்ய எழுதவில்லை. யூஸ்எஃபெக்டின் முடிவில் வரைபடத்தை நீக்கும் ஒரு வரியைத் திருப்பித் தந்ததும் பிழை மறைந்தது. கண்டிப்பு முறையை அணைத்துவிட்டாலும் பிழை மறைந்திருக்கும். அப்படிச் செய்யும்படி சொல்பவர்களும் உண்டு. ஆனால் அப்போது பட்டியலுக்கும் வரைபடத்துக்குமாகப் பார்ப்பவர் மாறி மாறிப் போகும்போதெல்லாம், கண்ணுக்குத் தெரியாத பழைய வரைபடம் ஒவ்வொன்றும் நினைவகத்தில் தங்கி, சன்னலின் அளவு மாறுகிறதா என்று காத்துக்கொண்டே இருக்கும். விலை குறைந்த கைப்பேசி வைத்திருப்பவரே இதற்கு முதலில் துன்பப்படுவார்.

மூன்றாவது தவறு இன்னும் நுட்பமானது. தகவல் மாறும்போதெல்லாம் வரைபடம் புதிதாக அமையும்படி எழுதிவிட்டோம். ஒருவர் தம் தெருவைத் தேடிப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, 2023 என்ற பொத்தானை அழுத்தினார் என்க. (அவ்வாண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல்மழையின்போதும் தாழ்வான தெருக்களில் தண்ணீர் நின்றதல்லவா?) உடனே வரைபடம் மறைந்து, முடிச்சூர் முழுவதும் தெரியும்படி முதலிலிருந்து தொடங்கும். அவர் மீண்டும் தம் தெருவைத் தேட வேண்டும். இதைத் தவிர்க்க வேலையை இரண்டாகப் பிரித்தோம். வரைபடத்தைக் குடிவைப்பது ஒரு முறை மட்டும். தகவல் மாறினால் முட்களை மட்டும் மாற்றுவது தனி. ரியாக்ட்-லீஃப்லெட் என்னும் இடைத்தரகு லைப்ரரி ஒன்றும் இருக்கிறது. இவ்வேலைகளிற் பலவற்றை அதுவே செய்துவிடும். ஆனால் அதிலும் வரைபடத்தின் நடுப்புள்ளியை முதல் முறை கொடுத்த பின் அதே வழியில் மாற்றினால் வரைபடம் நகராது. உள்ளே நடப்பதை அறிந்தவர்க்கு இது வியப்பன்று, அறியாதவர்க்குத் தலைவலி. அதனால் முதலில் நாமே எழுதிப் பார்ப்பது நல்லதென்பது எங்கள் கருத்து.

சிறு தடுக்கல்கள் பல உண்டு. பெட்டிக்கு உயரம் கொடுக்காவிடில் வரைபடம் இருந்தும் தெரியாது. லீஃப்லெட்டோடு வரும் அலங்காரக் கோப்பைச் சேர்க்காவிடில் படத்துண்டுகள் சிதறிய சீட்டுக்கட்டாய்க் கிடக்கும். மறைந்திருந்த பெட்டியைத் திறந்துகாட்டினால் பாதி சாம்பல் நிறமாய் நிற்கும். "உன் அளவை மீண்டும் பார்த்துக்கொள்" என்று வரைபடத்துக்குச் சொல்ல ஒரு கட்டளை உண்டு. இவற்றினும் வேடிக்கையானது ஒன்று. லீஃப்லெட் முதலில் அட்சரேகையையும் பிறகு தீர்க்கரேகையையும் கேட்கும். மேப்பாக்ஸ் போன்ற வேறு சில லைப்ரரிகள் தீர்க்கரேகையை முதலிற் கேட்கும். முடிச்சூர் ஏறக்குறைய வடக்கு 12.91, கிழக்கு 80.07. ஒரு பழைய மாதிரியைப் பார்த்து எண்களை மாற்றிக் கொடுத்ததில், நம் ஊர் வட துருவத்துக்கு அருகே ஸ்வால்பார்டு தீவுகளை அடுத்த கடலிற் போய் விழுந்தது! அன்று வகுப்பில் எழுந்த சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

ஆனால் சிரிக்க முடியாத ஒன்றும் நடந்தது. கண்காட்சி நாளன்று பெற்றோர் பலர் தம் கைப்பேசியிலேயே பக்கத்தைத் திறந்து பார்த்தனர். பக்கத்தின் தலைப்புகளையும் பொத்தான்களையும் நாங்கள் ஆங்கிலத்தில் எழுதியிருந்தோம். ஏன் என்று கேட்டால் எங்களிடம் விடையில்லை. மாதிரிகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன, அவ்வளவுதான். ஒரு மாணவியின் தாயார் உலாவியில் உள்ள மொழிபெயர்க்கும் பொத்தானை அழுத்திப் பக்கத்தைத் தமிழாக்கினார். பிறகு தம் தெருவைத் தேடி, ஆண்டுப் பொத்தானைத் தொட்டார். பக்கம் முழுவதும் வெள்ளையாகிவிட்டது. "நான் எதையோ கெடுத்துவிட்டேனம்மா" என்று அவர் கைப்பேசியைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். கெடுத்தவர் அவரல்லர்.

நடந்தது என்னவென்று பிறகு ஆராய்ந்தோம். மொழிபெயர்ப்புக் கருவியும் திரையைத் தானே தொடும் ஒரு வெளியாள். நாம் அழைக்காமல் வந்தவர் என்பதே வேறுபாடு. அது பக்கத்தில் இருந்த எழுத்துகளை எடுத்துவிட்டு, வேறொரு உறைக்குள் தமிழெழுத்தை இட்டுச் செருகுகிறது. ரியாக்டின் கணக்குப் புத்தகத்தில் பழைய எழுத்தே பதிந்திருக்கிறது. பொத்தானைத் தொட்டதும் அப்பழைய எழுத்தை நீக்கப் போகிறது. இருந்த இடத்தில் அது இல்லை. உடனே பிழை. 2017-இல் வந்த 16-ஆம் பதிப்பு முதல், இப்படித் தடுத்து நிறுத்தப்படாத பிழை நேர்ந்தால் ரியாக்ட் பக்கம் முழுவதையும் கலைத்துவிடும்; தவறான தகவலைக் காட்டுவதினும் ஒன்றும் காட்டாமை மேல் என்பது அதன் கொள்கை. வெள்ளநாளில் வழி தேடுபவருக்கு அந்த வெள்ளைத் திரை எவ்வளவு பயன்படும் என்பதை வாசகரே எண்ணிப் பார்க்கட்டும்.

அன்று மாலையே பக்கம் முழுவதையும் தமிழில் மாற்றி எழுதினோம். பக்கத்தின் மொழி தமிழ் என்பதையும் தலைப்பில் குறித்தோம். நிலைமைக்கேற்ப மாறும் எழுத்துகளைத் தனித்தனி உறையில் இட்டோம். அப்படியிட்டால் மொழிபெயர்ப்புக் கருவி உறைக்குள்ளே மாற்றினாலும், ரியாக்ட் நீக்க வேண்டிய உறை இருந்த இடத்திலேயே இருக்கும். வரைபடக் கூற்றைச் சுற்றிப் பிழைத் தடுப்பு ஒன்றும் அமைத்தோம். இனி வரைபடம் முறிந்தாலும் அந்தப் போர்ஷன் மட்டுமே இருளும், பட்டியல் நிற்கும்.

பட்டியல் நிற்க வேண்டும் என்பதில் எங்களுக்கு மிகுந்த பிடிவாதம் உண்டு. 2015 டிசம்பரில் சென்னையின் பல பகுதிகளில் கைப்பேசித் தொடர்பே அற்றுப்போயிற்று. வரைபடத்தின் படத்துண்டுகள் இணையத்தின் வழியே ஒவ்வொன்றாக வருபவை; தொடர்பு நலிந்தால் முதலில் நின்றுபோவது அவைதாம். தெருப்பெயரும் நீரின் அளவும் சேர்ந்த பட்டியலோ சில கிலோபைட்தான். ஆகவே பக்கம் திறந்ததும் பட்டியல் முதலில் வரும். வரைபடத்துக்கான நிரல் அதன் பிறகே இறங்கும். இரவல் நிரல் வராமற் போனாலும் பக்கம் பயன்பட வேண்டுமல்லவா?

இரவலை எதற்கெல்லாம் வாங்குவது என்பது பற்றியும் எங்களுக்குள் வாதம் நடந்தது. நிறம் தேர்ந்தெடுக்க ஒன்று, பெயர்களை வரிசைப்படுத்த ஒன்று என்று முதலில் பதினொரு லைப்ரரிகளைச் சேர்த்திருந்தோம். 2016 மார்ச்சில் நடந்ததைப் படித்த பின் குறைத்துக்கொண்டோம். எழுத்துகளுக்கு இடப்புறம் வெற்றிடம் நிரப்பும் லெஃப்ட்-பேட் என்ற சிறு தொகுதி, பதினொரே வரி. அதன் ஆசிரியர் ஒரு பெயர்த் தகராற்றில் மனம் வெறுத்து, தாம் எழுதியவற்றையெல்லாம் என்.பி.எம். என்னும் பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்கிவிட்டார். அதை நம்பியிருந்த பெரிய பெரிய நிரல்கள் உலகெங்கும் கட்ட முடியாமல் நின்றன. ரியாக்டைக் கொண்டு எழுதியவையும் அவற்றில் அடக்கம். சில மணி நேரத்தில் களஞ்சியத்தாரே அதை மீட்டு வைத்தனர். பதினொரு வரியை நாமே எழுதலாம். வரைபடத்தை எழுத முடியாது. இந்த அளவுகோலைக் கொண்டு பார்த்ததில் எங்களிடம் எஞ்சியவை ரியாக்டும் லீஃப்லெட்டுமே. எந்தப் பதிப்பைப் பயன்படுத்தினோம் என்பதைப் பூட்டுக் கோப்பில் பதிந்து வைத்திருக்கிறோம். அடுத்த ஆண்டு வரும் தங்கைகள் அதே பதிப்பையே பெறுவர்.

வீட்டு எண்ணையோ குடும்பத்தார் பெயரையோ வரைபடத்திற் குறிப்பதில்லை என்பது தலைமைச் சகோதரி இட்ட நிபந்தனை. எனவே முட்கள் எல்லாம் தெருமுனையில்தான் நிற்கின்றன. கணுக்காலளவுக்கு மஞ்சள், இடுப்பளவுக்கு ஆரஞ்சு, அதற்கு மேல் சிவப்பு.

மறுவாரம் பெற்றோர் கூட்டத்தன்று அந்தத் தாயார் மீண்டும் வந்திருந்தார். இம்முறை பக்கம் தமிழில் இருந்தது. தம் தெருவைப் பெரிதாக்கிப் பார்த்தவர், "முனையில் கணுக்கால் என்று போட்டிருக்கிறீர்களே, அங்கே இடுப்பளவுக்கு வந்தது. என் மாமியாரை நாற்காலியோடு தூக்கித்தான் படகில் ஏற்றினோம்" என்றார். பக்கத்து வீட்டுப் பெரியவரும் ஆமென்றார். கணினியில் அந்த ஓர் எண்ணை மாற்றினோம். அவர் கையிலிருந்த வரைபடம் அசையவில்லை, மீண்டும் தொடங்கவுமில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்த தெருமுனையின் முள் மட்டும் மஞ்சளிலிருந்து ஆரஞ்சு நிறமாயிற்று.